சாம்பிராணி மணத்த மிளகு

எங்கள் வீட்டில் அமெரிக்கா எனக்கு முதலில் ஒரு மீன் துண்டாகத்தான் அறிமுகமாயிற்று. குழம்புச் சட்டியில் முள் குறைந்த நடுத்துண்டு எதுவோ, அதுதான் அமெரிக்கா. அதை அப்பாவுக்கென்று அம்மா ஒதுக்கி வைப்பாள். பள்ளிக்கூடம் திறக்கும்போது எடுத்த பாவாடை அமெரிக்கா. தினமும் உடுத்துவது வெறும் பாவாடை. சித்தியைப் பெண் பார்க்க வந்தவர்களில் தலை நிறைய முடி வைத்திருந்த ஒருவர்கூட எங்கள் வீட்டில் கொஞ்ச நாள் அமெரிக்காவாக இருந்தார். பிறகு பூகோளப் பாடத்தில் அதே பெயரில் ஒரு நாட்டைப் பார்த்தபோது, நம் வீட்டுச் சொல் இவர்களுக்கு எப்படிக் கிடைத்தது என்றுதான் யோசித்தேன்.

அந்தச் சொல் அம்மாவின் வேலையிலிருந்து வீட்டுக்கு வந்தது. எர்ணாகுளத்துக்கு எதிர்க்கரையிலிருக்கும் மட்டாஞ்சேரியில், கொச்சங்காடிப் பக்கம் ஒரு மிளகுக் கிடங்கில் அம்மாவுக்கும் சித்திக்கும் வேலை. மலையிலிருந்து மூட்டை மூட்டையாக இறங்கும் மிளகைக் காயவைத்து, சலித்து, முறத்தில் புடைத்து, காம்பையும் கல்லையும் நீக்கித் தனித்தனிக் குவியலாக்க வேண்டும். கனமும் கருப்பும் ஒரே அளவுமாக இருக்கும் முதல் குவியல் அமெரிக்காவுக்குப் போகும். அடுத்தது ரஷ்யாவுக்கு. முறத்திலிருந்து பறந்து விழும் பொக்கு மிளகை முதலாளி சில சமயம் பெண்களுக்கே கொடுத்துவிடுவார். ஆக எங்கள் வீட்டு ரசத்தில் மிதந்ததெல்லாம் இரண்டு வல்லரசுகளும் வேண்டாமென்று தள்ளிய மிளகுதான். குறை சொல்வதற்கில்லை, ரசம் நன்றாகவே இருந்தது.

இந்த இரண்டு நாடுகளைப் பற்றியும் கிடங்குப் பெண்களுக்குத் தீர்மானமான அபிப்பிராயம் உண்டு. ரஷ்யா நல்ல மனசுக்கார நாடு, கொடுத்ததை வாங்கிக்கொண்டு போகும். அதனாலேயே அதற்கு அவ்வளவாக மரியாதை கிடையாது. அமெரிக்கா அப்படியில்லை. ஒரு சாக்கில் எலிப் புழுக்கை இருந்தால் கப்பலையே திருப்பி அனுப்பிவிடும் என்று சொல்லிக்கொள்வார்கள். சொல்லும்போது யார் குரலிலும் கோபம் இருக்காது. கண்டிப்பான வாத்தியாரிடம் படித்தவர்கள் அவரைப் பற்றிப் பேசுவது போல, கொஞ்சம் பெருமையாகத்தான் பேசுவார்கள்.

அந்த வருஷம் பெண்களுக்குத் தலைவியாக இருந்த பாத்துமா இத்தா வயதாகி வேலையை விட்டார். அவர் இடத்துக்கு அம்மாவைப் போடலாம் என்று மேனேஜர் சேட்டன் முதலாளியிடம் சொல்லியிருந்தார். தலைவி என்றால் நாள் முழுவதும் குனிந்து உட்கார்ந்து புடைக்க வேண்டாம். வரிசைகளுக்கு நடுவில் நடந்து, கையில் அள்ளிப் பார்த்து, சரி தப்பு சொன்னால் போதும். நான் பிறந்ததிலிருந்து இடுப்பு வலியோடு இருந்த அம்மாவுக்கு அது எவ்வளவு பெரிய விஷயம் என்று சொல்ல வேண்டியதில்லை. அமெரிக்காவுக்காகச் சரக்கு வாங்குகிறவரே நேரில் வரப்போகிறார், அவர் சரக்கைப் பார்த்துத் தலையாட்டிவிட்டால் அந்த வாரமே அம்மாவை மாற்றிவிடுவது என்று பேச்சு.

அவர் வருவதாகச் சொன்னது ஒரு வெள்ளிக்கிழமை. எங்களுக்குப் பள்ளி விடுமுறை. அம்மா விடியும் முன்பே எழுந்து தலைக்குக் குளித்து, எனக்கும் அமெரிக்காப் பாவாடையை உடுத்திவிட்டாள். கிடங்கில் என்னதான் கூட்டினாலும் சாக்கு நாற்றமும் காயல் சேற்று நாற்றமும் போகாது. பெரிய மனுஷர் ஒருவர் கடல் தாண்டி வருகிறார், உள்ளே வந்ததும் மூக்கைச் சுளித்தால் நன்றாகவா இருக்கும்? வெள்ளிக்கிழமையானால் வீட்டில் என்ன செய்வோமோ அதைத்தான் அம்மா செய்தாள். தூபக்காலையும் ஒரு பொட்டலம் சாம்பிராணியையும் எடுத்துக்கொண்டாள். சிரட்டைக் கரியை நான் சுமந்து வந்தேன்.

மற்ற பெண்கள் வருவதற்கு முன்னால் கிடங்கைத் திறந்து, அம்மா குவியல் குவியலாகச் சுற்றி வந்து புகை காட்டினாள். சாமிக்குக் காட்டுவது போல முதல் குவியலுக்கு மூன்று சுற்று. கனல் அவிந்துவிடாமல் நான் முறத்தால் விசிறிக்கொண்டே பின்னால் போனேன். ஓட்டுச் சந்து வழியாக விழுந்த வெயிலில் புகை நீலமாக எழும்பியது. கிடங்கு கோயில் மாதிரி ஆகிவிட்டது. பின்னால் வந்த சித்தி வாசலிலேயே நின்று, உள்ளே வருகிறவர் செருப்பைக் கழற்றிவிட்டுத்தான் வருவார் என்று சொல்லிச் சிரித்தாள்.

அவர் செருப்பைக் கழற்றவில்லை. உயரமாக, வெயிலில் சிவந்துபோய், சட்டைக் கையை மடித்துவிட்டுக்கொண்டு வந்தார். முதலாளி மாலை வைத்திருந்தார். அதை வாங்கிப் பக்கத்திலிருந்த மூட்டையின் மேல் வைத்துவிட்டு நேரே முதல் குவியலுக்குப் போனார். கையை முழங்கை வரை உள்ளே விட்டு அடியிலிருந்து ஒரு பிடி எடுத்தார். உள்ளங்கையில் வைத்துத் தேய்த்து, முகர்ந்து பார்த்தார். கண்ணை மூடிக்கொண்டு இன்னொரு தடவை முகர்ந்தார். வேறொரு இடத்திலிருந்து எடுத்தார். பெண்கள் முறத்தை மடியில் வைத்துக்கொண்டு மூச்சுவிடாமல் பார்த்துக்கொண்டிருந்தார்கள். கடைசியில் அவர் மேனேஜரிடம் ஏதோ சொன்னார். மேனேஜரின் முகம் விழுந்துவிட்டது.

இந்த மிளகு கோயிலுக்குப் போய்விட்டு வந்திருக்கிறது என்று அவர் சொன்னதாகப் பிறகு தெரிந்தது. மிளகு பக்கத்தில் இருக்கும் மணத்தையெல்லாம் இழுத்து வைத்துக்கொள்ளும். எங்கள் எல்லோருக்கும் தெரிந்த விஷயம்தான் அது. மிளகு டப்பாவுக்குப் பக்கத்தில் மண்ணெண்ணெய் வைத்தால் அம்மா முதுகில் ஒன்று வைப்பாள். ஆனால் சாம்பிராணி நாற்றமென்று யாருக்காவது தோன்றுமா? எங்கள் கணக்கில் நாற்றம் என்பது வேறு, அது வேறு.

"ஆரா இங்கே புகச்சது?" என்று மேனேஜர் சுற்றிப் பார்த்துக் கேட்டார்.

பாராட்டத்தான் கேட்கிறார்கள் என்று அம்மா நினைத்துவிட்டாள். முந்தானையைச் சரிசெய்துகொண்டு, மூலையில் வைத்திருந்த தூபக்காலைக் கையில் எடுத்து, சிரித்தபடி முன்னால் போய் நின்றாள். அந்தச் சிரிப்பை நான் இத்தனை வருஷத்தில் எத்தனையோ முறை மறக்கப் பார்த்திருக்கிறேன்.

அமெரிக்காவிலிருந்து வந்தவர் அம்மா கையிலிருந்த தூபக்காலைப் பார்த்தார். குனிந்து அதை முகர்ந்தார், பிறகு மிளகை முகர்ந்தார். கோபப்படவில்லை. அம்மாவையே நேராகப் பார்த்து, நிதானமாக, மிளகையும் தூபக்காலையும் மாற்றி மாற்றிக் காட்டி ஏதோ விளக்கினார். ஒரு சொல்லும் புரியாத அம்மா ஒவ்வொன்றுக்கும் தலையாட்டினாள். மேனேஜர் மொழிபெயர்க்கவில்லை. பாதியிலேயே அம்மாவுக்கு விஷயம் விளங்கிவிட்டது போல, தூபக்கால் முந்தானைக்குள் போயிற்று. பிறகு அவர் கையிலிருந்த மிளகைக் கீழே சிந்தாமல் குவியலிலேயே போட்டுவிட்டு வெளியே நடந்தார்.

அந்தச் சரக்கு ரஷ்யாவுக்குப் போயிற்று. அங்கே யாரும் எதுவும் சொன்னதாகத் தெரியவில்லை. தலைவி வேலைக்கு வேறொருத்தி வந்தாள். சனிக்கிழமை காலையில் அம்மா வழக்கம்போல வேலைக்குப் போனபோது, இனி வர வேண்டாம் என்று மேனேஜர் சேட்டன் முதலாளியின் வார்த்தையாகச் சொல்லி அனுப்பிவிட்டார். சித்தியை மட்டும் வைத்துக்கொண்டார்கள்.

வீட்டுக்கு வந்த அம்மா அழுவாள் என்று நான் பயந்துகொண்டிருந்தேன். அவள் அழவில்லை. அப்பா கார்ப்பரேஷன் வேலை முடிந்து வந்ததும் சாயா போட்டுக் கொடுத்து, நடந்ததையெல்லாம் ஏதோ திருவிழாவுக்குப் போய்வந்தவள் போலச் சொன்னாள். எத்தனை பெரிய குவியல், அதில் அடியிலிருந்து ஒரு பிடி, அதிலேயே கண்டுபிடித்துவிட்டார் என்று மூக்கைத் தொட்டுக் காட்டினாள்.

"அது மூக்கு. நம்ம முதலாளிக்கு ஜென்மத்துக்கும் தெரிஞ்சிருக்காது. என்கிட்டயே நின்னு காரணமும் பறஞ்சுட்டுத்தான் போனார்."

"வேலை போயிட்டுது, நீ மூக்கைப் பத்திப் பேசுறே" என்றார் அப்பா.

"தப்பு என்னோடதுதானே. அமெரிக்கா சும்மா வேண்டாம்னு சொல்லுமா?"

எனக்கு அந்த மனிதர் மேல் வந்த கோபத்தைவிட அம்மா மேல் அதிகமாக வந்தது. நம்மைக் கெடுத்தவனை யாராவது புகழ்வார்களா? பூகோளப் புத்தகத்தில் அந்த நாட்டின் மேல் பேனாவால் அழுத்தி மை பூசினேன். மறுபக்கத்தில் இருந்த ஆப்பிரிக்காவும் சேர்ந்து கெட்டுப்போயிற்று. அத்தோடு என் பழிவாங்கல் முடிந்தது. வீட்டில் நடுத்துண்டின் பெயரை அம்மா மாற்றவே இல்லை.

பிறகு அம்மா இறால் உரிக்கும் ஷெட்டுக்குப் போனாள். ஐஸ் தண்ணீரில் கையை விட்டு உரித்துக்கொண்டே இருக்க வேண்டும். நகக்கண் எல்லாம் வெடித்து, விரல்கள் ஊதிப்போய்விடும். அங்கேயும் நல்ல இறால் தனியாகப் போயிற்று. எங்கே போகிறதென்று அவள் கேட்டுத் தெரிந்துகொண்டிருப்பாள். ஊதிய விரல்களுக்கு நான் தேங்காயெண்ணெய் தடவிவிடும்போதுகூட அந்த மூக்கின் கதையைத்தான் சொல்வாள்.

காலம் எங்களை விட்டாலும் மிளகு விடவில்லை. எர்ணாகுளத்தில் மிளகு ஏற்றுமதி செய்யும் ஒரு கம்பெனியில் எனக்கு வேலை கிடைத்தது. சரக்கின் ஈரம், எண்ணெய், கலப்படம் எல்லாவற்றையும் இயந்திரத்தில் வைத்துப் பார்த்துச் சீட்டுக் கொடுப்பது என் பொறுப்பு. அம்மாவுக்கு அதில் ஏகப்பட்ட பெருமை. தான் புகை போட்டுக் கெடுத்த இடத்தில் மகள் போய் உட்கார்ந்துவிட்டாள் என்று அக்கம்பக்கத்தில் சொல்லிக்கொண்டிருந்தாள்.

போன வருஷம் ஒரு நாள், அமெரிக்காவுக்கு அனுப்பத் தயாராக இருந்த சரக்கு வேண்டாமென்று அங்கிருந்து தகவல் வந்தது. அவர்கள் நாட்டில் வரியை ஏற்றிவிட்டார்களாம், இந்த விலைக்குக் கட்டுப்படியாகாதாம். கம்ப்யூட்டரில் இரண்டு வரி, அவ்வளவுதான். நான் பதறிப்போனேன். எங்கள் ஆபீசில் இருக்கும் இளைஞன் பதறவில்லை.

"அமெரிக்கா இல்லேங்கில் வேற ஆளு உண்டு சேச்சி" என்று சொல்லிவிட்டு வேறு ஊர்களுக்குப் போன் போட ஆரம்பித்தான்.

சரக்கு எங்கேயோ போய்விடும் என்பது எனக்கும் தெரியும். ஆனால் அவன் குரல் என்னை என்னவோ செய்தது. அதில் கோபம் இல்லை, வருத்தம் இல்லை. அம்மாவின் கிடங்கில் ரஷ்யாவைப் பற்றிப் பேசுவார்களே, அந்தக் குரல்தான். ஒரு நாடு சறுக்குகிறதா, நிமிருமா, அதோடு போட்டிபோட யார் யார் வந்துவிட்டார்கள் என்றெல்லாம் டிவியில் மணிக்கணக்காகப் பேசுகிறார்கள். மரியாதை போவது இவ்வளவு சத்தமில்லாமல் நடக்கும் என்று நான் நினைக்கவில்லை. அதற்காக நான் வருத்தப்பட்டேன் என்பதும் எனக்கே ஆச்சரியம்தான். சிறுவயதில் மை பூசியவள் நான்.

வீட்டுக்குப் போய் அம்மாவிடம் சொல்லாமல் இருந்திருக்கலாம். சொன்னேன்.

"சரக்குல என்ன குத்தம்?" என்றுதான் அவள் முதலில் கேட்டாள்.

குற்றம் ஒன்றுமில்லை என்றேன். அவள் நம்பவில்லை. நீங்கள் மிஷினில் பார்ப்பீர்கள், அவர்கள் மூக்கால் பார்ப்பார்கள், உனக்குத் தெரியாமல் ஏதோ இருந்திருக்கும் என்றாள். பெற்ற மகளைவிட அமெரிக்காவைத்தான் நம்பினாள். எனக்கும் வீம்பு வந்தது. அடுத்த நாள் அந்தச் சரக்கிலிருந்து ஒரு பொட்டலம் கொண்டுவந்து அவள் முன்னால் வைத்தேன்.

அம்மா முறத்தை எடுத்துக்கொண்டு ஜன்னல் பக்கம் உட்கார்ந்தாள். வளைந்த விரல்களால் மிளகைப் பரப்பினாள். புடைத்தாள், பறந்தது எதுவுமில்லை. ஒன்றைக் கடித்தாள். உள்ளங்கையில் தேய்த்து, கண்ணை மூடி முகர்ந்தாள், அவரைப் போலவே. சாப்பிடக் கூப்பிட்டதற்கும் வரவில்லை. சாயங்காலம் சாயா கொண்டுபோனபோது முறத்தை மடியிலிருந்து இறக்கி வைத்திருந்தாள்.

"இதுல ஒண்ணும் இல்லியே மோளே."

"நான்தான் சொன்னேனே அம்மா. அவங்க இதைப் பாக்கவே இல்ல."

"பாக்காம எப்படி வேண்டாம்னு பறயும்?"

வரி, ஆட்சி, கோபம், பேரம் என்று எனக்குத் தெரிந்ததையெல்லாம் சொன்னேன். அவள் கேட்டுக்கொண்டிருந்தாள். சாயா ஆறிப்போயிற்று. பிறகு முறத்திலிருந்த மிளகை விரலால் ஒதுக்கிக்கொண்டே கேட்டாள்.

"அப்போ அன்னைக்கு? நீ கூட இருந்தியே. மிளகுல உள்ளபடிக்கும் சாம்பிராணி மணம் இருந்ததா?"

எனக்கு என்ன தெரியும்? கனலைச் சுமந்து, முறத்தால் விசிறி, என் தலைமுடியும் பாவாடையும் சாம்பிராணியாகவே மணத்த நாள் அது. உலகமே அன்றைக்கு எனக்கு அப்படித்தான் மணத்தது.

"இருந்ததும்மா," என்றேன். "நல்லாவே இருந்தது."

அவள் என்னைக் கொஞ்ச நேரம் பார்த்தாள். அமெரிக்காவா ரஷ்யாவா என்று முடிவுசெய்ய முடியாத மிளகை அப்படித்தான் பார்ப்பாள். மிளகைப் பொட்டலத்தில் கொட்டிவிட்டு, எழுந்துபோய் முறத்தைச் சுவரில் மாட்டினாள்.

அன்று அப்பாவுக்கு முன்னால் அவள் மூக்கைத் தொட்டுக் காட்டிப் புகழ்ந்தபோது, அம்மாவுக்குப் புத்தி போதவில்லை என்று நினைத்தேன். வேலை போயிற்று, தலைவி இடம் போயிற்று. போனதற்கு ஒரு நியாயம் இருந்தது என்பது மட்டும்தான் அவள் கையில் மிஞ்சியது. அதைப் பிடித்துக்கொண்டுதான் அவ்வளவு வருஷம் ஐஸ் தண்ணீரில் கையை விடப்போகிறாள் என்று அந்த வயதில் எனக்குத் தெரியவில்லை, போன வருஷம் வரைக்கும்கூடத் தெரியவில்லை. தெரிந்திருந்தால் அந்தப் பொட்டலத்தை வீட்டுக்குக் கொண்டுவந்திருக்க மாட்டேன்.