சீனத்து ஐயா வீட்டுப் பலாமரம்

சானமாவு காட்டோரத்தில் இருக்கும் அந்த வீட்டுக்காரரின் பெயர் ஊரில் யார் வாயிலும் நுழையவில்லை. அதனால் அது சீனத்து ஐயா வீடு. அந்தக் காலத்தில் சீனாவிலிருந்து வந்து இங்கேயே தங்கிவிட்ட படிப்பாளி அவர். இப்போது வீடும் தோட்டமும் நினைவில்லம். முழு நிலா மாதிரி வட்ட வாசல், குளம், மூங்கில், நடுவில் அவர் கையால் நட்ட பலாமரம். தோட்டத்தைப் பார்த்துக்கொண்டு பின்னறையிலேயே தங்கியிருப்பவள் பாரூர்க்காரி பவளம். ஓசூர் கம்பெனியில் கான்ட்ராக்ட் வேலை போனதும் இங்கே வந்தாள். முதல் நாள் அந்த மரத்தடியில் உட்கார்ந்து அழுதாள். அதற்கப்புறம் அழவில்லை.

போன வருடம் பழ வாசனை பிடித்து ஒற்றை யானை வந்தது. வட்ட வாசலுக்குள் அது எப்படி நுழையும்? சுவரையே பெயர்த்துப் போட்டுவிட்டது. நினைவில்லத்தின் செயலாளர் அசோக்குமார் சுவரைக் கட்டி முடித்த கையோடு சொன்னார்: "இன்னொரு தடவ யானை வந்துச்சுன்னா மரத்த வெட்டிருவோம்மா. ஐயா வீடு முக்கியமா, பலாப்பழம் முக்கியமா?"

"பழம் இருந்தாத்தான சார் வரும்? பழுக்க உடமாட்டேன்."

சொன்னபடி பழுக்க விடவில்லை. தை பிறந்ததும் தினமும் ஏணி போட்டு ஏறினாள். பிஞ்சு தட்டுப்பட்டதும் அறுத்தாள். பால் ஒட்டிய கையை எண்ணெய் போட்டுத் துடைத்துத் துடைத்தே தோல் உரிந்தது. ஊரில் எந்த அடுப்பிலும் பலாப்பிஞ்சுக் கூட்டுதான். "எங்கூட்டுக்காரரு பலான்னு சொன்னாலே தட்டத் தள்ளி வெக்கிறாரு" என்று பக்கத்து வீட்டு ராஜலட்சுமி கும்பிட்டாள். பவளம் மறுநாளும் ஒரு கூடை கொண்டுபோய் வைத்தாள்.

ஆனால் அவளே ஒரு வினையும் செய்து வைத்திருந்தாள். வெயிலுக்கு வேர் காயக் கூடாதென்று சருகைக் கொட்டி அடிமரத்தைச் சுற்றி முழங்கால் உயரத்துக்கு மூடியிருந்தாள். மேலே கிளை கிளையாகத் தடவிப் பார்த்தவள் கீழே குனியவே இல்லை. ஆனி மாதம் ஒரு சாயங்காலம் வனக்காவலர் சம்பங்கி போன் செய்தார். "பவளம், ஒத்த யானை உங்க பக்கமாத்தான் எறங்கியிருக்குது. கதவச் சாத்திக்கிட்டு உள்ளயே இரு." சாத்தப் போனவளின் மூக்கில் பழ வாசனை ஏறியது.

சருகைத் தள்ளினாள். வேரில் ஒரு பலா பழுத்து வெடித்துக் கிடந்தது. உள்ளே போய்ப் படுத்துக்கொண்டால் உயிர் தப்பும், மரம் தப்பாது. உரச்சாக்கில் பழத்தை அள்ளிக்கொண்டு ஓடி, பின்பக்கத்துப் பாழுங்கிணற்றில் போட்டுப் பலகையால் மூடினாள். வாசனை அடங்கட்டும் என்று பழம் கிடந்த இடத்தில் சாணியைக் கரைத்துக் கொட்டினாள். மனசு கேட்காமல் இன்னொரு வாளியும் கொட்டினாள். அப்புறம்தான் கதவைச் சாத்தினாள்.

யானை இறங்கிய செய்தி கேட்டு, விடிந்ததுமே அசோக்குமார் மரம் வெட்டும் மூர்த்தியோடு வந்து நின்றார். வட்ட வாசலுக்கு வெளியே மண்ணில் யானையின் காலடி. வந்து, நின்று, திரும்பிப் போயிருந்தது. சுவரில் தும்பிக்கை தடவிய சேறு இருந்தது, அவ்வளவுதான்.

"வந்திருக்குதேம்மா," என்றார் அசோக்குமார்.

பவளம் ஏணியை வாசலுக்குக் குறுக்கே போட்டுவிட்டு அதன் முன்னால் நின்றாள். "ஐயா வூட்டப் பாக்க வாசல் வரைக்கும் யாரு வந்தாலும் தப்பில்ல சார். ஒடச்சாத்தான் தப்பு."

அசோக்குமார் சுவரைத் தட்டித் தட்டிப் பார்த்தார். ஒரு விரிசலும் இல்லை. ரம்பத்தை வண்டியில் ஏற்றச் சொல்லிவிட்டுக் குளத்துப் பக்கம் போய்விட்டார்.

மூர்த்தி வாசலுக்குள் தலையை நீட்டி மரத்தை அண்ணாந்து பார்த்தார். "பிஞ்சு ஏதாச்சும் இருக்குதாம்மா? கூட்டுக்கு நல்லாருக்கும்."

"தை மாசம் வாங்க," என்றாள் பவளம்.