டீச்சர் பேசாத மாதம்

வேதியியல் டீச்சருக்குப் பிள்ளைகள் வைத்திருந்த பட்டப்பெயர் ரேடியோ. மணி அடித்ததும் ஆரம்பித்தால் அடுத்த மணிவரை ஓயமாட்டார். வேதிவினைகளை மூச்சுவிடாமல் விளக்குவார்; பிள்ளைகளும் சமன்பாடுகளைக் கடகடவென்று ஒப்பிப்பார்கள். கேள்வியைக் கொஞ்சம் திருப்பிப் போட்டால் மட்டும் திருதிருவென்று விழிப்பார்கள். 'இன்னும் நல்லா சொல்லியிருக்கணும்' என்று தன்னையே நொந்துகொண்டு, மறுநாள் இன்னும் கொஞ்சம் அதிகமாகப் பேசுவார்.

கடைசியில் தொண்டை மக்கர் செய்தது. குரல்நாணில் வீக்கம்.

"ஒரு மாசம் வாயே திறக்கக்கூடாதும்மா. கிசுகிசுன்னுகூடப் பேசக்கூடாது," என்றார் மருத்துவர்.

கூட வந்த கணவர், "நடக்கற காரியமா டாக்டர்?" என்று கேட்டு, மனைவியிடம் ஒரு முறைப்பை வாங்கிக் கட்டிக்கொண்டார்.

தேர்வு நெருங்கியதால் விடுப்பு எடுக்க மனம் வரவில்லை. வகுப்புக்குப் போய் மேசையில் தராசை வைத்தார். ஒரு தட்டில் பாத்திரம் தேய்க்கும் இரும்பு நார், மறுதட்டில் எடைக்கற்கள். முள் நடுவில் நின்றது. பலகையில் எழுதினார்: 'நாரை எரித்தால் எந்தத் தட்டு இறங்கும்? ஏன்?'

"இதென்ன கேள்வி? எரிஞ்சா எடை குறையும். கல்லு இருக்கற தட்டுதான் இறங்கும்," என்றான் முன்வரிசைப் பையன் ஒருவன். வகுப்பே தலையாட்டியது.

டீச்சர் தீக்குச்சியைக் கிழித்து வைத்தார். நார் முழுக்கச் சிவப்புப் பொறிகள் ஊர்ந்தன. நார் இருந்த தட்டு மெல்லக் கீழே இறங்கியது.

"தராசு கோளாறு!"

"டீச்சர் ஏதோ தில்லுமுல்லு பண்றாங்க!"

ஒரே கூச்சல். தட்டு ஏன் இறங்கியது என்ற விளக்கம் டீச்சரின் நாக்கு நுனிவரை வந்துவிட்டது. உதட்டைக் கடித்துக்கொண்டார்.

வாயில் விரலை வைத்தாலும் கடிக்கத் தெரியாதவள் என்று அவர் நினைத்திருந்த ஒரு பெண் எழுந்தாள். "கனம் கூடியிருக்குன்னா ஏதோ வந்து ஒட்டியிருக்கணும். சுத்தி காத்து மட்டும்தானே இருக்கு?"

"காத்துக்கு ஏதுடி கனம்?" என்றாள் பக்கத்தில் இருந்தவள்.

"காத்தடிக்காத பந்தையும் அடிச்ச பந்தையும் நிறுத்துப் பாப்போமா?"

பந்து எடுக்க நாலு பேர் ஓடினார்கள். நிறுத்துப் பார்த்தார்கள். காற்றுக்கும் கனம் இருந்தது. ஆக்சிஜன்தான் நாரோடு சேர்ந்திருக்கிறது என்று அவர்களே சொல்லச் சொல்ல, டீச்சர் சமன்பாட்டைப் பலகையில் எழுதினார்.

சாயங்காலம் வீட்டில் ஒரு காகிதத்தில் எழுதிக் கணவரிடம் நீட்டினார்: 'இத்தனை வருஷமா அவங்கள யோசிக்கவே நான் விடல.'

கேலி செய்ய வாய்ப்பிருந்தும் அவர் செய்யவில்லை. "இப்ப விட்டுட்டல்ல. வா, சாப்பிடு," என்றார்.

குரல் திரும்பிய அன்று வகுப்பு கைதட்டியது. டீச்சர் சிரித்தபடி ஒரு கோப்பை வினிகரையும் ஒரு முட்டையையும் மேசையில் வைத்தார். "உள்ள போட்டா என்ன ஆகும்?" என்று கேட்டுவிட்டு, கடைசி பெஞ்சில் போய் உட்கார்ந்தார்.