உனக்கு எத்தனை அப்பா?

எங்கள் மலை ஊரில் அப்பாவைப் பற்றிப் பேசும்போது 'வந்துச்சி, போச்சி' என்றுதான் சொல்வோம். அதில் மரியாதைக் குறைவு ஒன்றும் இல்லை. அரசு உண்டு உறைவிடப் பள்ளியில் சேர்ந்த பிறகுதான் தமிழ் ஐயா அதைத் திருத்தினார். பெற்றவரை 'வந்தார்' என்று எழுத வேண்டும், 'வந்தார்கள்' என்றால் இன்னும் சிறப்பு என்றார். எனக்கு அது மிகவும் பிடித்துப்போயிற்று. சாமைக் கொல்லையில் நாளெல்லாம் குனிந்து கிடக்கிற அப்பா, என் கட்டுரைகளில் மட்டும் பெரிய மனிதராக நடமாடினார்.

ஆங்கிலத்தில் ஒருவருக்கு 'இஸ்', பலருக்கு 'ஆர்' என்று மனப்பாடம் செய்தேன். ஆனால் அப்பாவுக்கு 'இஸ்' போட மனம் வரவில்லை. வந்தார், சொன்னார் என்பதில் இருக்கிற 'ஆர்'தான் அங்கேயும் இருக்கிறது என்று நானே முடிவு செய்துகொண்டேன். மலைக்கு வரும் ஆங்கில வாத்தியார்கள் சீக்கிரமே மாற்றல் வாங்கிக்கொண்டு இறங்கிவிடுவார்கள். திருத்த ஆளில்லை. அப்படியே பத்தாவதும் தேறிவிட்டேன்.

எண்பதுகளின் தொடக்கம் அது. கீழே ஒரு மருத்துவமனையில் நர்ஸ் பயிற்சிக்குப் பெண்களை எடுத்தார்கள். எனக்கும் நேர்முகத்துக்கு அழைப்பு வந்தது. அப்பாவும் நானும் மலையிறங்கி, போளூர் வந்து, அங்கே இன்னொரு பஸ் பிடித்துப் போய்ச் சேர்ந்தோம்.

அறைக்குள் மேசைக்குப் பின்னால் ஒரு டாக்டரும் தலைமை நர்ஸ் அம்மாவும் உட்கார்ந்திருந்தார்கள். கதவு திறந்தே இருந்தது. அப்பா வெளியே பெஞ்சில்.

அப்பா என்ன செய்கிறார் என்று டாக்டர் ஆங்கிலத்தில் கேட்டார். கேள்வி புரிந்துவிட்ட சந்தோஷத்தில் உரக்கவே சொன்னேன். "மை ஃபாதர் ஆர் எ ஃபார்மர்."

அவர் நாற்காலியில் சாய்ந்து சிரித்தார். பிறகு தமிழுக்கு மாறினார். "ஆரா? உனக்கு எத்தனை அப்பாம்மா?"

எங்கள் பக்கத்தில் அந்தக் கேள்வி அப்பாவைப் பற்றியது அல்ல, அம்மாவைப் பற்றியது. கேட்டவன் சும்மா வீடு போய்ச் சேர முடியாது. படித்த மனிதர், வெள்ளைக் கோட்டு போட்டவர், சிரித்துக்கொண்டே கேட்கிறார். நான் கதவுப் பக்கம் திரும்பினேன்.

அப்பா உள்ளே வந்துவிட்டார். சத்தம் போடவில்லை.

"இன்னா சார் கேட்டீங்க எம்பொண்ண?"

டாக்டரின் சிரிப்பு நின்றது. "பெரியவரே, இது இங்கிலீஷ் இலக்கணம். ஒருத்தருக்கு ஒரு சொல்லு, நாலு பேருக்கு வேற சொல்லு. பொண்ணு மாத்திச் சொல்லிட்டா. அதான்..."

அப்பா என் பக்கம் திரும்பினார். "நீ இன்னா சொன்ன?"

"உன்ன மரியாதையாச் சொன்னேம்ப்பா. 'வந்தாங்க'ன்னு சொல்ற மாதிரி."

"மரியாதையாத்தான சார் சொல்லிகிறா? அதுக்கா இப்படிக் கேட்டீங்க?" அப்பாவின் குரல் உடைந்தது. "வூட்டுக்குப் போனா இவ அம்மா கேக்கும், இன்னா கேட்டாங்கன்னு. நான் இன்னா சார் சொல்லட்டும்?"

டாக்டர் பேனா மூடியைத் திருகிக்கொண்டே இருந்தார். நர்ஸ் அம்மாதான் எழுந்து அப்பாவின் எதிரே வந்து நின்றார். "தப்புதாங்க. அப்படிக் கேட்டிருக்கக் கூடாது."

போளூர் பஸ் ஸ்டாண்டில் இறங்கினோம். அப்பா டீயை வாங்கி என் கையில் கொடுத்துவிட்டுக் கேட்டார்.

"அப்ப என்னிய எப்புடித்தான் சொல்லணும்?"

"ஃபாதர் இஸ்."

"கலெக்டரோட அப்பாவுக்கு?"

"அவருக்கும் இஸ்தான்."

"நம்ம மாட்டுக்கு?"

"மாட்டுக்கும் அதே இஸ்தாம்ப்பா."

வாய்வரை போன அப்பாவின் டீ கிளாஸ் அப்படியே நின்றது. "மாட்டுக்குமா?" என்று மறுபடி கேட்டார். கோபம் எல்லாம் போய், திகைப்பு மட்டும் அவர் முகத்தில் இருந்தது. பக்கத்தில் டீ குடித்துக்கொண்டிருந்த முன்பின் தெரியாத ஆளிடம்கூட, "கேட்டீங்களா இந்தக் கதைய?" என்றார்.

அம்மாவிடம், ஊரும் பேரும்தான் கேட்டார்கள் என்று சொன்னோம். அவள் நம்பினாள்.

இடம் கிடைக்காது என்றுதான் இருந்தேன். கிடைத்துவிட்டதாகத் தகவல் வந்தபோது மகிழ்ச்சியைவிட அதிர்ச்சிதான் முதலில் வந்தது. மறுபடி அந்த முகத்தைப் பார்க்க வேண்டுமே. அப்பாதான் போகச் சொன்னார். பயிற்சியின் முதல் வருடம் முழுக்க ஆங்கிலத்தில் ஒற்றைச் சொல்லாகவே பதில் சொன்னேன். வாக்கியமாகச் சொல்லப் போனால் நடுவில் நாக்கு நின்றுவிடும். கூடப் படித்த பெண்கள் எனக்குத் திக்குவாய் என்று நினைத்தார்கள். அந்த டாக்டர் வார்டில் என்னிடம் கேள்வியே கேட்டதில்லை. என்னைத் தாண்டி அடுத்த பெண்ணிடம் போய்விடுவார்.

படிப்பு முடியும்வரை அப்பா சாமையும் புளியும் கொண்டுவருவார். மருத்துவமனை கேட்டுக்கு வெளியே நின்றபடி வாட்ச்மேனிடம் சொல்லி அனுப்புவார்.

"உள்ள வந்துதான் பாரேம்ப்பா" என்பேன்.

"பஸ் போய்டும்மா" என்பார். பஸ்ஸுக்கு இன்னும் எவ்வளவோ நேரம் இருக்கும்.