உடையப்பன் பொறுக்கிய போல்ட்டு

அன்னவாசல் கடைவீதியில் உடையப்பனுக்குக் கார் முதலாளி என்று பெயர். இரண்டாம் உலகச் சண்டைக் காலம். சீமைச் சாமான் ஒன்றும் வராத நாளில், புதுக்கோட்டையில் யாரோ வேண்டாமென்று தள்ளிய ஓர் அமெரிக்கக் காரை வாங்கி வாடகைக்கு விட்டிருந்தார். ஓட்டுகிறவன் திருப்பதி. துடைப்பது, பழுது பார்ப்பது, மேட்டில் ஆள் பிடித்துத் தள்ளுவது எல்லாம் அவன் பாடு. முன் சீட்டில் உட்கார்ந்து ஹாரனை அமுக்குவது முதலாளி பாடு.

இன்னொரு வேலையையும் அவர் யாருக்கும் விட்டதில்லை. தேய்ந்துபோன போல்ட்டுக்கும் நட்டுக்கும் பதில் பொறுக்குவது. திருச்சியில் எடைக்கு வாங்கிய பழைய இரும்பு ஒரு கூடை நிறைய வைத்திருந்தார். லாரியில் கழற்றியது, நெல் மிசினில் கழற்றியது எல்லாம் அதில் ஒன்றாய்க் கிடக்கும். சந்தையில் கத்தரிக்காய் வாங்குகிறவர் மாதிரி ஒவ்வொன்றாய்த் திருப்பித் திருப்பிப் பார்ப்பார். பளபளப்பாய் இருந்தால் நல்லது, கறுத்திருந்தால் கெட்டது. அதற்குமேல் அவருக்கு ஒரு இழவும் தெரியாது. நீளமாய் இருந்தால் வாசரை அடுக்குவார். ஒல்லியாய் இருந்தால் சணலைச் சுற்றிச் சுத்தியலால் அடிப்பார். பிறகு கொண்டுபோய்ப் பிள்ளையார் பாதத்தில் வைத்துச் சூடம் காட்டி எடுத்து வருவார். சூடம் காட்டிய போல்ட்டைப் பற்றி அப்புறம் எவனும் வாய் திறக்கக் கூடாது. திறந்தால் சாமி குத்தம்.

திருப்பதியும் சாமி கும்பிடுகிறவன்தான். திருநீறு பூசாமல் வண்டியைத் தொடமாட்டான். அதனாலேயே இந்த ஆளைப் பார்த்தால் அவனுக்குக் குமட்டும். தான் செய்ய வேண்டிய வேலையைப் பிள்ளையார் தலையில் கட்டிவிட்டு, பக்திமான் என்று வேறு பெயர் வாங்குகிற மனிதரை என்னவென்று சொல்வது?

அந்தத் தை மாதம் திருப்பதியின் தங்கை மருதாயிக்குக் குடுமியான்மலையில் கல்யாணம். பொண்ணு நம்ம காரில்தான் போகும் என்று உடையப்பன் கடைவீதி முழுக்கச் சொல்லி வைத்தார். மாப்பிள்ளை வீட்டுக்கும் சேதி போய்விட்டது. பொண்ணு காரில் வருகிறதாம் என்று அவர்களும் ஊரெல்லாம் சொல்லிக்கொண்டார்கள்.

முந்தின நாள் திருப்பதி வண்டிக்கடியில் படுத்துப் பார்த்தான். ஸ்டியரிங்கிலிருந்து முன் சக்கரத்துக்குப் போகிற கம்பியைப் பிடித்திருந்த போல்ட்டு, திருகு மரை மழுங்கி ஆடிக்கொண்டிருந்தது. அது கழன்றால் இங்கே திருப்புவது ஒரு பக்கம், சக்கரம் போவது ஒரு பக்கம்.

உடையப்பன் கூடையைக் கவிழ்த்தார். வெள்ளியாய் மின்னிய போல்ட்டு ஒன்றை எடுத்துச் செருகினார். அதற்கு ஒரு லாரி நட்டைப் போட்டார். இரண்டு சுற்று போனது, அப்புறம் நகரவில்லை.

"பாத்தியாடா, எம்புட்டு இறுக்கம்!"

"இறுக்கமில்லீங்க முதலாளி, மரையைக் கடிக்குது. போல்ட்டு அமெரிக்க மரை, நட்டு இங்கிலீஷ் மரை. கடிச்சு நிக்கிறது ஓட்டத்துல ஒதறிக்கிட்டு வந்திரும்."

"இரும்புல என்னடா சாதி? போட்டு முடுக்கு."

"பின்னாடி ஸ்டெப்னி மாட்டியிருக்கிற போல்ட்டு நட்டு இதே அளவுங்க. அதைக் கழட்டி இங்கிட்டுப் போடுவோம். ஸ்டெப்னியைக் கயித்துல கட்டிக்கிருவோம்."

"கயித்துலயா? கல்யாணக் காரு மூளியாப் போறதா? ஊரு சிரிக்காது?"

சக்கரம் தன் இஷ்டத்துக்கு ஓடினால் ஊர் சிரிக்காதாம். ஸ்டெப்னி கயிற்றில் தொங்கினால் சிரிக்குமாம். அவர் நட்டையும் போல்ட்டையும் பிள்ளையாரிடம் கொண்டுபோய்க் காட்டி வந்து, தன் கையாலேயே பூட்டி, ஸ்பானரில் நீட்டுக் குழாய் மாட்டி முடுக்கினார். "இனி இதைத் தொட்டே, வேலை கிடையாது" என்றார்.

திருப்பதி ராத்திரியெல்லாம் புரண்டான். காரில்லாமல் போனால் சம்பந்தி வீட்டில் தங்கச்சியை ஆயுசுக்கும் குத்திக் காட்டுவார்கள். மெதுவாய் ஓட்டிப் போய்விடலாம் என்று மனசைத் தேற்றிக்கொண்டான்.

விடிந்தது. வாழைக்கன்று கட்டிய காரில் மருதாயி ஏறி உட்கார்ந்தாள். பக்கத்தில் ஆத்தாளும் ஏறினாள். முதலாளி வீட்டு அம்மா செங்கமலம் பட்டுச் சேலையோடு ஓடிவந்து, "நானும் வாரேன், தள்ளி உக்காரு புள்ள" என்று கால் வைத்தாள்.

உடையப்பன் பாய்ந்து அவள் கையைப் பிடித்து இழுத்தார். "நீ எங்கடி ஏறுறே? எறங்கு, எறங்கு! நாம பின்னாடி பஸ்ஸுல போவோம்."

"ஏங்க, எடந்தான் இருக்குல்ல?"

"எறங்குடின்னா!"

திருப்பதி அவர் முகத்தைப் பார்த்தான். உடையப்பன் வாழைக்கன்றைச் சரிசெய்கிற சாக்கில் அந்தப் பக்கம் திரும்பிக்கொண்டார். சூடம் காட்டிய போல்ட்டின் மேல் அவருக்கிருந்த நம்பிக்கை அவ்வளவுதான். அடுத்தவன் வீட்டுப் பெண்ணுக்கு அது போதும்.

திருப்பதி கதவைத் திறந்தான். "மருதாயி, ஆத்தா, ரெண்டு பேரும் எறங்குங்க. வண்டி கட்டச் சொல்றேன்."

"டேய், மாப்பிள்ளை வீட்டுல என்னடா சொல்லுவாங்க!" என்று ஆத்தாள் அழுதாள்.

"பேசிட்டுப் போகட்டும். ஏச்சு வாங்க நம்ம புள்ள உசுரோட இருக்கணும்ல?"

மாட்டு வண்டி புறப்பட்ட பிறகு, நடுத்தெருவில் நின்ற காரை உடையப்பன் ஆள் விட்டுத் தள்ளச் சொன்னார். உள்ளே ஏறாமல், வெளியில் நடந்தபடியே ஸ்டியரிங்கைப் பிடித்துக்கொண்டார். முதல் திருப்பத்தில் அவர் வலப்பக்கம் திருப்பினார். நட்டு கழன்று தெருவில் விழ, கார் தன்பாட்டுக்கு நேராய்ப் போய்ச் சாக்கடையில் வாழைக்கன்றோடு சாய்ந்தது.

குடுமியான்மலையில் நல்ல நேரத்துக்குள் தாலி ஏறியது. "கார்ல வர்றதாச் சொன்னீங்களே" என்று சம்பந்தியம்மாள் இலை போடுமுன்பே ஆரம்பித்துவிட்டாள்; திருப்பதி தலையைக் குனிந்து கேட்டுக்கொண்டான்.

கல்யாணம் முடிந்து சாவியைக் கொடுக்க அவன் கடைவீதிக்கு வந்தபோது, உடையப்பனைச் சுற்றிக் கூட்டம். "பாதத்துல வச்ச போல்ட்டப்பா! பொண்ணு எறங்குற வரைக்கும் பொறுத்திருந்து, அப்புறந்தானே கழண்டுச்சு!" என்று சொல்லிக்கொண்டிருந்தார். கேட்டவர்கள் கன்னத்தில் போட்டுக்கொண்டார்கள்.

திருப்பதி சாவியை அவர் முன்னால் வைத்தான். "பிள்ளையாரு வாய் தொறக்க மாட்டாருங்கிற தைரியந்தானே முதலாளி ஒங்களுக்கு?"

"என்னடா சொன்னே?"

அவன் புதுக்கோட்டை பஸ் நிற்கிற பக்கம் நடந்தான்.