நடுச்சீட்டு

பன்னீர்ப் புகையிலை வாசம் எங்கிருந்து வந்தாலும் என் வலக்கை விரல்கள் தாமாக மடங்கிக்கொள்கின்றன. பேருந்தில், கல்யாண வீட்டில், ஆஸ்பத்திரி வராந்தாவில் எங்கோ ஒரு வாய் மெல்லும். என் உடம்பு ஒரு சீட்டு மேசைக்குத் திரும்பிவிடும். முதலில் அந்த வாசம் எங்கள் நூற்பாலை மேலாளருடையது.

தொண்ணூறுகளின் நடுவில் நான் அந்த ஆலையின் டைம் ஆபீசில் எழுத்தர். ஞாயிறுதோறும் திண்டுக்கல்லில் ஒரு மனமகிழ் மன்றத்தில் ரம்மி ஆடுவோம். ஆறும் எட்டும் கைக்கு வந்துவிட்டால், நடுவில் ஏழு வரும்வரை மேலாளருக்கு உலகம் நிற்க வேண்டும். அவர் எதை எடுக்கிறார், எதைக் கழிக்கிறார் என்று பார்த்தாலே அது ஆர்ட்டின் ஏழா, டைமன் ஏழா என்று எனக்குத் தெரிந்துவிடும். அதைக் கீழே விடாமல் வைத்துக்கொள்வேன். அவர் காத்திருப்பார், காத்திருப்பார், தோற்பார். ஒரு ஞாயிறு தொடர்ந்து மூன்று ஆட்டம் அப்படிப் போனதும் சீட்டை விசிறி எறிந்தார்.

“ஏலே, என் கைய எட்டிப் பாத்து ஆடுறான்யா இவன். களவாணிப் பய!”

“கவனிச்சேன் சார், அம்புட்டுதான்.”

“கவனிச்சானாம்ல! களவாணி கவனிக்காம வேற யாரு கவனிப்பா?”

மேசை முழுக்கச் சிரித்தது. அன்றே மன்றத்து உறுப்பினர் பட்டியலில் என் பெயரை அடித்தார்கள். திங்கட்கிழமை எனக்கு முன்பே அந்தச் சொல் ஆலைக்கு வந்து உட்கார்ந்திருந்தது. சாப்பாட்டு நேரத்தில் யாராவது ஒருவர், “வெஞ்சனத்த மூடுங்கப்பா, களவாணி வாரான்” என்பார். விளையாட்டுக்குத்தான். விளையாட்டாகவே அது தோலில் ஒட்டிவிட்டது. வேலையை விட்டு வத்தலக்குண்டில் ஒரு லாரி புக்கிங் ஆபீசில் சேர்ந்தேன். என் பெயரை அவர் வாயாலேயே திரும்ப வாங்க வேண்டும். அதை நினைக்காமல் நான் தூங்கிய இரவுகள் குறைவு.

பத்து வருடம் போனது. மகளின் தேர்வு முடிவு பார்க்கத் திண்டுக்கல்லில் ஒரு பிரவுசிங் சென்டருக்குள் நுழைந்தேன். ஏசிக் குளிருக்குள் அதே வாசம். அடுத்த தடுப்பில், நரைத்துப்போய், ஓய்வுபெற்ற மேலாளர். திரையில் போக்கர். கையில் இரண்டு சீட்டு, நடுவில் எல்லோருக்கும் பொதுவாக ஐந்து, பந்தயம் சில சென்ட். அன்று ஒருமுறை மட்டும் எட்டிப் பார்த்தேன். சீட்டை அல்ல, திரையில் அவர் வைத்திருந்த பெயரை.

வெளிநாட்டில் இருந்த மைத்துனன் எனக்கு ஒரு கணக்கு தொடங்கிக் கொடுத்தான். என் பெயர் ‘களவாணி’ என்று போட்டேன். வத்தலக்குண்டு பஸ் ஸ்டாண்ட் அருகே ஒரு பிரவுசிங் சென்டரில், மதியச் சாப்பாட்டு வேளைகளில் ஆட்டத்தைப் படித்தேன். பழிதீர்க்க நினைப்பவனுக்காகவே செய்தது போன்ற ஆட்டம் அது. பத்துக் கை வந்தால் எட்டுக் கையை ஆடாமலே மடித்துப் போட வேண்டும். மடித்துப் போடுவது எனக்குப் புதிதா? திரை மேசையில் மேலாளருக்கு அடுத்த இடம் காலியானால்தான் உட்காருவேன். பந்தயத்துக்கு அவர் முதலில் வாய் திறக்கட்டும். அவரைப் பொய்யாக மிரட்டவே மாட்டேன், அவர் எழுந்து போகிற ஆள் இல்லை. நல்ல சீட்டு வந்தால் மட்டும் விலையை ஏற்றுவேன். அவர் கொடுப்பார். ரம்மி பழக்கிய கண், நடுச்சீட்டு வந்தே தீரும் என்று நம்பும்.

கடைசி ஆட்டத்தில் என்னிடம் இரண்டு ராஜா, பொதுவில் இன்னொன்று. பக்கத்தில் ஒன்பதும் ஆறும். எல்லாவற்றையும் தள்ளினேன். அவரும் தள்ளினார். திரும்பிய சீட்டுகளில் அவருடையவை பத்தும் ஏழும். ஆறிலிருந்து பத்துவரை வரிசை சேர, நடுவில் ஓர் எட்டுக்காக மொத்தத்தையும் கட்டியிருந்தார். எட்டு வரவில்லை. எதிரில் யாருமில்லாத திரையைப் பார்த்து நான் சத்தமாகச் சிரித்தேன். அவ்வளவு இனிப்பான எதையும் அதற்குப் பிறகு நான் தின்றதில்லை.

அந்த ஞாயிறே திண்டுக்கல்லில் அதே மன்றத்துக்குப் போனேன். என்னைக் கண்டதும் அவர் முகம் மலர்ந்தது.

“நம்ம டைம் ஆபீஸ் தம்பியா? வா அப்பு, உக்காரு.”

செய்ததையே மறந்திருந்தார். அதற்கும் சேர்த்து வெறுத்தேன்.

“ஒரு பய என்னைய ஒரு மாசமா மொட்டையடிக்கிறான்ப்பா. பேரு களவாணியாம்! ஆனா சுத்தமான ஆட்டம். நாணயமான பய.”

பதினோரு பேர் இருந்தார்கள் அந்த அறையில். எல்லோருக்கும் கேட்கும்படி சொன்னேன்.

“அது நான்தான் சார்.”

மெல்வது நின்றது. பழைய ஞாயிறு அவர் கண்ணுக்குள் மெதுவாக ஏறி வருவதைப் பார்த்தேன். வாசல்வரை நடந்துவிட்டேன்; அப்போது பின்னாலிருந்து அவர் குரல் கிளம்பியது.

“ஏலே, என் சீட்ட எட்டிப் பாத்தியா?”

நான் திரும்பினேன்.

“வத்தலக்குண்டுல உக்காந்துக்கிட்டு எப்பிடி சார் எட்டிப் பாக்குறது?”