பேச்சியம்மாள் பார்க்கக் கேட்ட கோப்பு

போன மாதம் ஒரு புதன்கிழமை காலை, கடையின் ஷட்டரைத் தூக்கிக்கொண்டிருந்தபோது பேச்சியம்மாளின் கணவர் முருகன் போனில் அழைத்தார். "மாமி, பேச்சி போயிட்டா" என்றார். எனக்கு முதலில் வந்தது துக்கமில்லை, பயம். "எப்படி? எப்படி?" என்று இரண்டு தடவை கேட்டேன். ஏன் அப்படிக் கேட்கிறேன் என்று அவருக்குப் புரிந்திருக்க வேண்டும். "நெஞ்சுவலிதான் மாமி. விடியக்காலம் வலிக்குன்னா. ஆட்டோல ஏத்துனேன், ஆஸ்பத்திரி வாசலுக்குப் போகுமுன்னயே முடிஞ்சிட்டு. வேற ஒண்ணுமில்ல" என்றார். அதற்குப் பிறகுதான் எனக்கு அழுகை வந்தது.

தம்பானூர் பஸ் நிலையத்துக்குப் பின்னால் இருக்கும் மெஸ்ஸில் பேச்சியம்மாள் வைத்த மீன்குழம்பைச் சாப்பிட்டவர்கள் உங்களில் பலர் இருப்பீர்கள். நான் அதைச் சாப்பிட்டதில்லை. நான் ஸ்ரீவராகத்து அக்ரகாரத்துக்காரி. தம்பானூரில் டைப்பிங், ஜெராக்ஸ் கடை வைத்திருக்கிறேன். எனக்கும் அவருக்கும் ஒரே வயது. ஆனாலும் கடைசி வரை அவர் என்னை மாமி என்றே கூப்பிட்டார். வள்ளியூர்ப் பக்கத்திலிருந்து இந்த மலையாள ஊருக்கு வந்து எத்தனையோ வருடமாகியும் அவருக்கு மலையாளம் காதுக்கும் வாய்க்கும்தான் பழகியிருந்தது, கண்ணுக்குப் பழகவில்லை. அதனால்தான் என்னிடம் வந்தார்.

கையில் ஒரு அரசாங்கக் கடிதம் இருந்தது. அவர் கணவர் முருகன் விழிஞ்ஞத்தில் கான்கிரீட் வேலை பார்த்தவர். வேலை நடந்த இடத்தில் ஒரு செல்போன் காணாமல் போனதற்காகப் போலீஸ் அவரைக் கூட்டிக்கொண்டு போனது. இரண்டு நாள் கழித்து, போனை எடுத்தது வேறு ஆள் என்று தெரிந்து விட்டுவிட்டார்கள். அதற்குள் அவருடைய வலது கை விரல்கள் மடங்காமல் போயிருந்தன. போலீஸ்மேல் வரும் புகார்களை விசாரிக்கும் அரசு அலுவலகத்தில் பேச்சி புகார் கொடுத்திருந்தார். அங்கிருந்து வந்த பதில்தான் அது. புகார் கொடுத்தவரே அதைத் திரும்பப் பெற்றுக்கொண்டதால் விசாரணை முடித்துவைக்கப்படுகிறது என்று வாசித்துச் சொன்னேன்.

"நான் எங்க மாமி திரும்ப வாங்குனேன்?" என்றார். பிறகு, "அவங்க கட்டுல என்னதான் எழுதி வச்சிருக்காங்கன்னு நம்ம பாக்க முடியாதா?" என்று கேட்டார்.

முடியும். தகவல் உரிமைச் சட்டத்தில் ஒரு விண்ணப்பம் போட்டால் போதும். நான் எத்தனையோ பேருக்கு அடித்துக் கொடுத்திருக்கிறேன். ரோடு எப்போது போடுவார்கள், பென்ஷன் ஏன் நின்றது, இப்படி. போலீஸ் சம்பந்தப்பட்டதாக ஒன்றும் அடித்ததில்லை. பதில் வருவதற்கு என் கடை விலாசத்தைப் போடலாமா என்று அவர் கேட்டபோது, ரூம் விலாசம் போதாதா என்று கேட்டேன். போலீஸ் கேஸ் என்று தெரிந்தால் வீட்டுக்காரர் ரூமைக் காலி பண்ணச் சொல்லிவிடுவார் என்றார். கடைசியில் மனசில்லாமல் போட்டேன். நான் மலையாளத்தில் அடித்த தாளின் அடியில் அவர் தமிழில், எழுத்தெழுத்தாக, தன் பெயரை எழுதினார். அவருக்கு எழுதத் தெரிந்தது அந்தப் பெயர் ஒன்றுதான்.

பத்து நாளில் ஒரு ஆள் கடைக்கு வந்தார். சாதாரண சட்டை, பேண்ட். ஆனால் நிற்கிற தோரணையிலேயே போலீஸ் என்று தெரிந்தது. அந்த விண்ணப்பத்தின் நகலை மேசைமேல் வைத்து, "இது ஆரா டைப் செய்தது?" என்று கேட்டார். அரசாங்க அலுவலகத்தில் கொடுத்த காகிதம் இவர் கைக்கு எப்படி வந்தது என்று கேட்டிருக்க வேண்டும். "ஓர்மையில்ல சார். தினம் எத்தனையோ பேர் வருவா" என்றேன். அவர் சிரித்தார். "விலாசம் இவிடத்தெயாணல்லோ" என்று, விலாசம் இந்தக் கடையுடையதுதானே என்ற அர்த்தத்தில் சொல்லிவிட்டு, கடையை ஒரு சுற்றுப் பார்த்துவிட்டுப் போனார். எங்கேயோ பார்த்த முகமாகத் தோன்றியது. எங்கே என்று நினைவு வரவில்லை. அன்று வேறு எந்த வேலையும் ஓடவில்லை. ஒவ்வொரு பைக் சத்தத்துக்கும் வாசலைப் பார்த்தேன்.

மறுநாள் பேச்சியிடம், "போதும் பேச்சி, விட்டுடுங்கோ" என்றேன். அவர் முகமும் வெளுத்துதான் போயிற்று. ரூம் வாசலில் இரண்டு நாளாக யாரோ வந்து நிற்கிறார்கள் என்றார். "எனக்குப் பயமில்லன்னு நெனைக்காதீக மாமி. சோறு எறங்கல. ஆனா பயம் போன பொறவு போவோம்னா என்னைக்குப் போக?" என்றார்.

முப்பது நாள் கழித்து வந்த பதில், கோப்பைக் காட்டினால் விசாரணை பாதிக்கும் என்றது. வாசித்துச் சொன்னதும் பேச்சி, "முடிஞ்சுபோச்சுன்னு அவங்களே எழுதுன விசாரணைய நான் எப்படி மாமி பாதிப்பேன்?" என்று கேட்டார். அந்த ஒரு கேள்வியை அப்படியே மலையாளத்தில் போட்டு மேல்முறையீடு செய்தோம். இந்தத் தடவை, நேரில் வந்து கோப்பைப் பார்க்கலாம் என்று நாள் குறித்து அனுப்பினார்கள்.

அந்த அலுவலகத்து வாசலில் ஒரு போலீஸ் ஜீப் நின்றது. பேச்சி என் முழங்கையைப் பிடித்துக்கொண்டார். யார் யாரைத் தாங்கினோம் என்று சொல்ல முடியாது. ஒரு சின்ன அறையில் உட்காரவைத்துக் கோப்பைக் கொடுத்தார்கள். ஒரு கிளார்க் எதிரில் உட்கார்ந்து எங்களையே பார்த்துக்கொண்டிருந்தார். பேச்சியின் புகார், ஆஸ்பத்திரிச் சீட்டு, அதற்கடுத்து அந்தக் கடிதம்: 'என் புகாரை நான் சொந்த விருப்பத்தின் பேரில் திரும்பப் பெறுகிறேன்.' அடியில் மலையாள எழுத்தில், சரளமான கையெழுத்தில், பேச்சியம்மாள்.

"இது நான் போட்டதில்ல" என்று பேச்சி சத்தமாகவே சொன்னார். "எனக்கு மலையாளம் எழுதத் தெரியாது சாரே. நகல் தாங்க."

என் கண் கையெழுத்தின்மேல் இல்லை. அந்தத் தாளின் வலது ஓரத்தில், மேலிருந்து கீழ்வரை, மெல்லிய கறுப்புக் கோடு ஒன்று ஓடியது. அந்தக் கடிதத்தில் போட்டிருந்த தேதியை ஒட்டி என் கடைப் பிரிண்டரின் டிரம் உருளை கீறிப்போய், எல்லாத் தாளிலும் அதே கோடு விழுந்துகொண்டிருந்தது. அந்தக் கடிதம் என் கடையில் அடித்தது. நான் அடித்தது. கையால் எழுதிக் கொண்டுவந்த வாசகத்தை ஒரு ஆள் நீட்டினார், அடித்துக் கொடுத்தேன். அப்போது எனக்குப் பேச்சியைத் தெரியாது. யார் பெயர், யார் புகார் என்று நான் பார்க்கவே இல்லை. கொண்டுவந்த ஆளின் முகமும் அந்த நிமிடத்தில் ஞாபகம் வந்தது. விண்ணப்பத்தோடு கடைக்கு வந்து சிரித்தவர்தான்.

அங்கே நான் ஒன்றும் சொல்லவில்லை. நாலு நாள் சொல்லவில்லை. அந்த ஆளை நினைத்தும் பயம், கடையை நினைத்தும் பயம், எல்லாவற்றையும்விட பேச்சியின் முகத்தைப் பார்க்கப் பயம். ஐந்தாம் நாள், நகலை எடுத்துக்கொண்டு பேச்சி கடைக்கு வந்தபோது சொல்லிவிட்டேன்.

"அப்ப அவன் கொண்டாந்தத நீங்கதான் அடிச்சிய."

"ஆமா பேச்சி. தெரியாம."

அவர் பையை எடுத்துக்கொண்டு போய்விட்டார். இரண்டு நாள் வரவில்லை. மூன்றாம் நாள் வந்து நாற்காலியில் உட்கார்ந்தார். "கோவம் போகல மாமி. ஆனா அவன்தான் கொண்டாந்தான்னு சொல்லதுக்கு உங்கள விட்டா ஆளில்ல. எழுதித் தாரியளா?" என்றார்.

என் வாக்குமூலத்தை நானே அடித்தேன். வரிக்கு வரி தப்பு வந்தது. பேச்சி பக்கத்திலேயே இருந்தார். "மெதுவா அடிங்க. எனக்கு அடுப்பு வேல மூணு மணிக்குத்தான்" என்றார். நான் கையெழுத்துப் போட்டு முடித்ததும் தாளை வாங்கி, வாசிக்கத் தெரியாவிட்டாலும், முதல் வரியிலிருந்து கடைசி வரி வரை விரலை ஓட்டிப் பார்த்தார்.

புகாரை மறுபடி விசாரிக்க எடுத்துக்கொண்டார்கள். விசாரணைக்கு நாள் குறித்த கடிதம் என் கடைக்கு வந்தபோது பேச்சி போய்ப் பதினாறு நாள் ஆகியிருந்தது. "அவளே போயாச்சு. இனிமே நீ எதுக்கு நடுவுல?" என்று வீட்டில் கேட்டார்கள். எனக்கும் அந்த எண்ணம் வராமலில்லை.

போன வாரம் முருகனோடு போனேன். பேச்சியம்மாள் என்று பெயரைக் கூப்பிட்டார்கள். அவர் இறந்துவிட்டதைச் சொன்னதும், விசாரிக்கிற அதிகாரி, "எங்கில் இனி ஈ பராதி வேணோ?" என்று, அப்படியானால் இந்தப் புகார் இனி வேண்டுமா என்று கேட்டார். முருகன் எழுந்து நின்று, "வேணும் சாரே" என்றார். மடங்காத அந்தக் கையை உயர்த்திக் காட்டினார். அடுத்து நான் எழுந்தேன். கடைக்கு வந்து சிரித்த அந்த ஆள் எதிர் வரிசையில் இருந்தார். இன்னார்தான் வாசகத்தைக் கொண்டுவந்தார், இந்தப் பேச்சியம்மாள் அன்று என் கடைக்கு வரவேயில்லை என்று சொல்லி முடிப்பதற்குள் இரண்டு தடவை தடுமாறினேன். ஆனால் சொல்லிவிட்டேன்.

உத்தரவு இன்னும் வரவில்லை. கடை வாசலில் பைக் நின்றால் இப்போதும் எழுந்து எட்டிப் பார்க்கிறேன். அந்தப் பயம் போகும் என்று தோன்றவில்லை. ஆனால் யார் எந்தக் காகிதத்தை நீட்டினாலும் இப்போது முழுவதும் வாசிக்கிறேன். வாசித்துவிட்டு, "இதுல கையெழுத்துப் போடப்போறவா எங்கே? அவாளைக் கூட்டிண்டு வாங்கோ" என்கிறேன். சிலர் முறைத்துவிட்டு வேறு கடைக்குப் போகிறார்கள். போகட்டும். பேச்சியம்மாள் என்னிடம் விட்டுப்போனது அந்தக் கேள்விதான். நான் கடை வைத்திருக்கும் வரை அதைக் கேட்டுக்கொண்டே இருப்பேன்.