மஞ்சளாய் நின்ற வரிசை

ஆராய்ச்சிக்கூடத்தில் அவருக்கு இலை அரைக்கிற வேலை. நாட்டு வைத்தியர்கள் புற்றுநோய்க்குக் கேட்கும் என்று சொன்ன மூலிகைகளைக் காயவைத்து, பொடித்து, எரிசாராயத்தில் ஊறவைத்துச் சாறெடுப்பார். தட்டிலுள்ள சின்னச் சின்னக் குழிகளில் வளரும் புற்றுச் செல்கள்மேல் அதைச் சொட்டுவிடுவார். பிறகு ஒரு மஞ்சள் மருந்து. உயிரோடிருக்கும் செல் அதை ஊதாவாக்கும். செத்தது மஞ்சளாகவே விட்டுவிடும். பதினோரு வருஷமாக ஊதாவைத் தவிர வேறு நிறம் பார்த்ததில்லை மனிதர். சொந்தக்காரர்கள் மட்டும் அவரை டாக்டர் என்றே கூப்பிட்டார்கள். அவரும் பெரிதாக மறுத்ததில்லை.

அன்று தட்டு முழுக்க மஞ்சள். தலைகால் புரியவில்லை. கூடத்துக்குத் தலைவியான மேடத்திடம் காட்டுவதற்கு முன்பே அக்காவுக்குப் போன் போட்டுவிட்டார். அக்காவுக்கு மார்பில் கட்டி. மூன்று கீமோ ஊசி முடிந்து, மறுநாள் நாலாவது.

"அக்கா, எல்லாம் குளோஸ்! ஒரு செல்கூடத் தப்பிக்கல. சாதாரண இலைதான்க்கா, உன் வீட்டு வேலியிலயே மண்டிக் கிடக்கு!"

மேடம் தட்டைப் பார்த்தார். பிறகு அவரைப் பார்த்தார்.

"சாராயத்த முழுசா ஆவியாக்கினீங்களா?"

"அவசரத்துல கொஞ்சம்..."

"சரி, வெறும் சாராயம் மட்டும் விட்ட வரிசை எங்க?"

அதை அவர் போடவே இல்லை. எதுவுமே சாகாத இடத்தில் அது எதற்கு வீண்வேலை என்று ஆறு மாதமாகவே விட்டிருந்தார். மறுபடி சோதித்தார்கள். மூன்றாம் நாள், இலையே படாமல் சாராயம் மட்டும் விட்ட குழிகளும் பளிச்சென்று மஞ்சளாக நின்றன. பாவம், அந்த இலை ஒரு கொலையும் செய்யவில்லை.

அக்கா வீட்டுக்கு ஓடினார்.

"வாடா டாக்டர்," என்றாள் அக்கா. கையில் டம்ளர் நிறையப் பச்சைச் சாறு. "ஊசிக்குப் போகல. மூணு வேளையும் இதுதான்."

அவர் நின்ற இடத்திலேயே ஆஸ்பத்திரிக்குப் போன் போட்டுப் பேசினார்.

"கீழ வைக்கா. கொன்னது இலை இல்ல, சாராயம். நான்தான் ஒழுங்கா செய்யல. ஆஸ்பத்திரிக்குப் பேசிட்டேன், நாளைக்கே வரச் சொல்றாங்க."

அக்கா டம்ளரை வைத்தாள். "சாராயத்துக்கே சாகும்னா உங்க மாமாவுக்கு ஒரு வியாதியும் வந்திருக்கக் கூடாதே."

அவர் சிரிக்கப் பார்த்தார், அழுகைதான் வந்தது. "என்ன நம்பி ஊசிய விட்டுட்டியேக்கா!"

"உன்ன எவ நம்பினா? நீ ரிப்பேர் பார்த்த மிக்சி இன்னும் பரண்லதான் கிடக்கு. ஊசி போட்டா பத்து நாள் வாந்திடா. போகாம இருக்க ஒரு சாக்கு கிடைச்சுது, பிடிச்சுக்கிட்டேன். பயம்."

சாற்றைத் தொட்டியில் கொட்டினாள்.

"நாளைக்கு நீயும் வா. பக்கத்துல உக்காரு. வாய மட்டும் திறக்காத."